கல்லீரலில் ஓ.டி.சி. என்ற நொதி ஏறினால் விலங்கு அழுத்தத்தில் இருக்கிறது என்று சொல்லலாமா?

கதிர்_உயிர்வேதி
ஆய்வு விலங்குகளின் அழுத்தத்தை, அதாவது ஸ்ட்ரெஸை, அறிய ரத்தத்தில் கார்டிகோஸ்டீரோன் என்ற அழுத்த ஹார்மோனை மட்டும் பார்த்தால் போதாது, கல்லீரலில் ஆர்னித்தைன் டிகார்பாக்சிலேஸையும் அளக்க வேண்டும் என்பது என் கட்சி. சுருக்கமாக ஓ.டி.சி. என்பார்கள். ஆர்னித்தைன் என்ற அமினோ அமிலத்தைப் புட்ரெசினாக மாற்றி, செல் வளர்ச்சிக்கு வேண்டிய பாலிஅமைன்களின் உற்பத்தியைத் தொடங்கி வைக்கும் நொதி அது. எலியை அசையவிடாமல் அடைத்து வைத்தால் சில மணி நேரத்தில் ஏறிவிடும். அழுத்த ஹார்மோன்போல் வேலை செய்யும் டெக்சாமெத்தசோன் மருந்தின் ஊசிக்கும் அப்படித்தான். இதன் அரை ஆயுள் நிமிடக் கணக்குதான் என்பதால், பழைய கதை கலக்காமல் அண்மையில் நடந்ததை மட்டும் காட்டும்.

யாழினி
ஏறுவது உண்மைதான். ஏன் ஏறியது என்று அந்த எண் சொல்லாதே! வளர்ச்சி ஹார்மோன் கொடுத்தாலும் ஏறும். கல்லீரலில் ஒரு பகுதியை வெட்டினால் மீண்டும் வளரும்போது ஏறும். 1968இல் ரசல், ஸ்னைடர் என்ற ஆய்வாளர்கள் காட்டியது அதைத்தான். பட்டினி போட்டுப் பிறகு தீனி வைத்தாலும் ஏறும்.

இன்னொன்று. நீங்கள் சொல்லும் அதே டெக்சாமெத்தசோன், நெஞ்சிலுள்ள நோய் எதிர்ப்பு உறுப்பான தைமஸில் ஓ.டி.சி.யைக் குறைக்கிறது. பாலிஅமைன்களைச் சிதைக்கும் பாதையோ அங்கே முடுக்கிவிடப்படுகிறது. ஒரே எலி, ஒரே ஊசி, இரண்டு உறுப்பில் இரண்டு திசை. சுண்டெலியின் சிறுநீரகத்தில் டெஸ்டோஸ்டீரோன் இந்த நொதியைப் பல மடங்கு ஏற்றிவிடும். அதற்கும் அழுத்தத்துக்கும் என்ன சம்பந்தம்?

கதிர்_உயிர்வேதி
தைமஸையும் சிறுநீரகத்தையும் நான் இழுக்கவில்லை, யாழினி. வயது வந்த எலி, கல்லீரல், ஒரே நேரத் தீனி, உப்புநீர் ஊசி போட்ட ஒப்பீட்டுக் குழு. இத்தனையும் கட்டுக்குள் இருந்தால் மிச்சமிருப்பது அழுத்தம்தானே?

ஆய்வக_முருகு
குறுக்கிடுகிறேன். அந்த உப்புநீர் ஊசியே கல்லீரலில் ஓ.டி.சி.யை ஏற்றக்கூடியது. கையில் பிடிப்பதும் குத்துவதும் எலிக்குச் சும்மா இல்லை. தொடாத குழு ஒன்று தனியாக வேண்டும்.

அளக்கும் முறையிலும் வழுக்கல் உண்டு. கதிரியக்கக் கார்பன்-14 ஏற்றிய ஆர்னித்தைனைப் போட்டு, வெளிவரும் கார்பன் டை ஆக்சைடைக் காரம் தோய்த்த வடிதாளில் பிடித்து எண்ணுகிறோம். அரைத்த கல்லீரலில் மைட்டோகாண்ட்ரியா தங்கிவிட்டால், ஆர்னித்தைன் வேறு பாதையில் போயும் அதே வாயுவைத் தரும். ஒரு குழாயில் ஓ.டி.சி.யை முடக்கும் டி.எஃப்.எம்.ஓ. என்ற தடுப்பானைச் சேர்த்துப் பாருங்கள். அப்போதும் அடங்காமல் வரும் எண்ணிக்கை ஓ.டி.சி.யுடையது அல்ல.

யாழினி
நன்றி முருகு அண்ணா. நொதியின் அரை ஆயுள் குறைவு என்பதைக் கதிர் பலமாகச் சொல்கிறார். எனக்கு அதுதான் பயம். செல்லில் பாலிஅமைன் கூடினால் ஆன்டிசைம் என்ற புரதம் உருவாகி, ஓ.டி.சி.யைப் பிடித்து, புரதங்களைச் சிதைக்கும் புரோட்டியசோமில் தள்ளிவிடும். சிதைக்க வேண்டிய புரதத்தில் வழக்கமாக ஒட்டப்படும் யுபிகுவிட்டின் முத்திரைகூடத் தேவையில்லை. ஏறிய நொதி தன் விளைபொருளாலேயே இறங்கிவிடுகிறது. ஒரு மணி நேரம் தப்பினாலும் உங்கள் கையில் இருப்பது வேறு எண்.

எலிக்குட்டிகளை மறக்காதீர்கள். ஷான்பெர்க் என்பவரின் ஆய்வுக் குழு 1978இல் காட்டியது: தாயிடமிருந்து பிரித்த குட்டிகளின் மூளையிலும் இதயத்திலும் ஓ.டி.சி. *குறைந்தது*. வளர்ச்சி ஹார்மோனை வெளியிலிருந்து கொடுத்தாலும் திசுக்கள் சரியாகப் பதில் சொல்லவில்லை. ஈரத் தூரிகையால் தாய் நக்குவதுபோல் தடவியபோதுதான் அளவு மீண்டது. தாயைப் பிரிந்த குட்டியைவிட அழுத்தத்தில் இருக்கும் உயிர் எது? உங்கள் அளவுகோல் அதை 'நிம்மதி' என்றல்லவா படிக்கும்?

கதிர்_உயிர்வேதி
குட்டி வளரும் உயிர். அங்கே இந்த நொதி வளர்ச்சியின் கணக்கைத்தான் காட்டும். அதனால்தான் வயது வந்த எலி என்று வரம்பு வைத்தேன். தொடாத குழுவும் டி.எஃப்.எம்.ஓ. குழாயும் நியாயமான கோரிக்கை, சேர்க்கலாம். ஆனால் அளவையே தூக்கி எறிய நான் தயாரில்லை.

யாழினி
எறியச் சொல்லவில்லை. கார்டிகோஸ்டீரோனுக்கு வாலிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் போதும், விலங்கு உயிரோடு இருக்கும். உங்கள் அளவுக்குக் கல்லீரலையே எடுக்க வேண்டும். அழுத்தத்தை அறிய மட்டும் விலங்கைக் கொல்வதை நெறிமுறைக் குழுவில் எப்படி நியாயப்படுத்துவீர்கள்?

கதிர்_உயிர்வேதி
அதற்காகத் தனியாகக் கொல்லச் சொல்லமாட்டேன். வேறு ஆய்வின் முடிவில் எப்படியும் கல்லீரலை எடுக்கிறோம், பாதியை வீசுகிறோம். அந்தத் துண்டை உடனே திரவ நைட்ரஜனில் போட்டால் போதும். கார்டிகோஸ்டீரோன் எண்ணுக்குப் பக்கத்திலேயே ஓ.டி.சி. எண்ணையும் போடுங்கள். இரண்டும் முரண்பட்டால் முரண்பட்டது என்றே எழுதுங்கள்.