ஆலப்புழையில் படகுவீட்டுத் துறை நடத்தியவர்கள் யாராவது?

நீரோடி: வாடகைக்குப் படகுவீடு விடும் படகுத்துறையில் கரைவேலை எப்படி இருக்கும்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்களேன்.

குமரிக்காரன்: புன்னமடைப் பக்கம் சின்னதாக ஒரு துறை வைத்திருந்தேன். படகு கரையேறிக் கிடக்கும் நாட்கள்தான் எனக்குப் பிடித்தவை. பழைய கெட்டுவள்ளத்தில், அதாவது கயிற்றால் கட்டிய சரக்குப் படகில், ஆணியே கிடையாது. அயினி மரப் பலகைகளைக் கயிற்றால் தைத்து, இடுக்கில் தேங்காய் நார் திணித்திருப்பார்கள். மேலே முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெய் பூசுவோம். கையில் பட்டால் தோல் வெந்துவிடும், அதனால் துணி சுற்றிக்கொண்டுதான் பூசுவோம். நெல் மூட்டை ஏற்றிய வள்ளங்கள் அவை. அந்தத் தையல்காரர்களின் விரலைப் பார்த்தால் கும்பிடத் தோன்றும்.

சாயங்காலம் ஐந்தரை ஆனால் எஞ்சினை நிறுத்திவிட வேண்டும். மீன்காரர்கள் வலை போடும் நேரம். "இன்னும் ஒரு சுற்று" என்று விருந்தாளிகள் கெஞ்சுவார்கள். நான் மசிந்ததில்லை. வலை அறுந்தால் ஒரு வீட்டில் அடுப்பு எரியாது.

காயல்மகள்: ஆகாயத்தாமரையை எப்படிச் சமாளித்தீர்கள் அண்ணா?

குமரிக்காரன்: அதை ஏன் கேட்கிறீர்கள் தங்கச்சி! வேம்பநாட்டுக் காயலின் குறுக்கே இருக்கும் தண்ணீர்முக்கம் தடுப்பணையை டிசம்பர் வாக்கில் மூடினால் உப்புத்தண்ணீர் தெற்கே வராது, செடி கொழித்துவிடும். எஞ்சின் விசிறியில் சுற்றிக்கொண்டால் பையன் ஒருவன் கத்தியோடு குதித்து அறுத்தெடுப்பான்.

நீரோடி: அருமை அண்ணாச்சி. சமையல்காரர், ஓட்டுநர் சம்பளமெல்லாம் எப்படி? அதையும் எழுதுங்கள்.