பலா கன்றுக் கூண்டை ஆடு வளைத்துவிடுகிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம். பண்ருட்டி பக்கம், செம்மண் கொல்லை. போன ஆடியில் முந்திரிக்கு நடுவே ஒட்டுப் பலா வைத்தோம். இப்போது கன்றுகள் இடுப்பு உயரம். மேய வரும் ஆடுகள் முன்னங்காலைக் கூண்டின் மேல் ஊன்றி, கம்பியை வளைத்துக் கொழுந்தைக் கடித்துவிடுகின்றன.

கூண்டு 4 அடி உயர வெல்டு மெஷ், 2 இஞ்ச் கண், ஒன்றரை அடி அகலம், ஒரே ஒரு சவுக்குக் கம்பு. கருவேல முள் சுற்றினோம், காற்றில் நகர்ந்துவிட்டது. சாணிக் கரைசல் தெளித்தால் அடுத்த மழை வரைக்கும்தான். பழைய மீன்வலை கட்டியதில் ஒரு கிடாயின் கொம்பு சிக்கி, வலையை அறுத்துத்தான் எடுத்தோம். இனி அது வேண்டாம். அடித்தண்டில் முயல் பட்டை சுரண்டியது மட்டும் பொடிக்கண் வலை சுற்றியபின் நின்றது.

மேய்ப்பவர்கள் நம்ம ஊர்க்காரர்கள், சண்டைக்கு மனமில்லை.

ஆடு ஏறிச் சாய்ந்தாலும் வளையாமல் நிற்க, கூண்டை எத்தனை அடி உயரத்தில், எத்தனை கம்பு வைத்துக் கட்டுகிறீர்கள்?