வீட்டு வீடியோவை எடிட் பண்ணின அனுபவம்: உங்களுடையதையும் சொல்லுங்கள்

குன்னூரிலிருந்து:

அப்பாவுக்கு 75 முடிந்தது. ஊட்டி இந்துநகரில் இருந்த ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். 1967-ல் உற்பத்தி தொடங்கிய ஆலை அது. அவர் சேர்ந்தது சில வருஷம் கழித்து. பிலிம் சுருளை 35 மில்லிமீட்டர் அகலத்துக்குக் கீறி, ஓரத்தில் துளை போடுகிற பிரிவு. வெளிச்சம் பட்டால் பிலிம் கெடும் என்பதால் வேலை முழுக்க இருட்டில். அந்தக் கதையைப் பேரப்பிள்ளைகள் கேட்கணும் என்று மூன்று சனிக்கிழமை அவரை ஜன்னலோரம் உட்கார வைத்து ஃபோனில் எடுத்தேன். மொத்தம் நாலு மணி நேரம் தேறியது. அதை 20 நிமிஷமாக்க ஐந்து மாதம் ஆனது.

எல்லோரும் சொல்கிறார்களே என்று முதலில் டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளை இறக்கினேன். இலவசப் பதிப்பே பெரிய வேலைக்குப் போதும், கலர் சரி செய்வதில் அதற்கு ஈடு கிடையாது. ஆனால் அது 16 ஜிபி ராம் கேட்கும், நல்ல கிராபிக்ஸ் கார்டும் வேண்டும். என் லேப்டாப் பழசு, 8 ஜிபிதான். அதில் ஓட்டிப் பார்த்தால் திக்கித் திக்கி நின்றது. பிறகு கேடென்லைவ் என்ற வேறொரு மென்பொருளைப் போட்டேன். இலவசம், ஓப்பன் சோர்ஸ். 'ப்ராக்ஸி'யை ஆன் பண்ணினால் ஒவ்வொரு கிளிப்புக்கும் சின்ன அளவில் ஒரு நகல் எடுத்துக்கொண்டு அதை வைத்து ஓடும். கடைசியில் முழு வீடியோவாக ரெண்டர் பண்ணும்போது ஒரிஜினலை எடுத்துக்கொள்ளும். பழைய லேப்டாப் வைத்திருப்பவர்கள் வேறு எதைப் பார்ப்பதற்கும் முன்னால் இந்த வசதி இருக்கிறதா என்று பாருங்கள். ஷாட்கட் என்ற மென்பொருளிலும் இருக்கிறது.

அடுத்த சிக்கல் ஒலியில். ஆரம்பத்தில் எல்லாம் சரியாக இருக்கும். இருபது நிமிஷம் போனால் அப்பாவின் உதடு முன்னால் போகும், குரல் பின்னால் வரும். இரண்டு வாரம் தலையைப் பிய்த்துக்கொண்டேன். காரணம் இதுதான்: நொடிக்கு 30 ஃப்ரேம் (தனித்தனிப் படம்) என்று வைத்திருந்தாலும் ஃபோன் அதைச் சீராக எடுப்பதில்லை. வெளிச்சம் குறைந்தால் தானாகவே ஃப்ரேமைக் குறைத்துக்கொள்ளும். எங்கள் பக்கம் மதியம் மூன்று மணிக்கே மேகம் இறங்கி ஜன்னலை மூடிவிடும், கேட்கவே வேண்டாம். ஃபைலைச் சேர்க்கும்போதே 'ஃப்ரேம் ரேட் மாறிக்கொண்டிருக்கிறது, மாற்றித் தரட்டுமா' என்று கேடென்லைவ் கேட்டிருக்கிறது. அதைப் படிக்காமல் மூடிவிட்டேன். தயவு செய்து மூடாதீர்கள். மாற்றின ஃபைல் பெரிதாக இருக்கும், தனி ஹார்டு டிஸ்க் வாங்க வேண்டியிருந்தது, ஆனாலும் உதடும் குரலும் சேர்ந்துவிட்டன.

இனி, இதை எழுத உட்கார்ந்ததற்கான காரணம். அப்பா மெதுவாகப் பேசுவார். ஒரு வாக்கியத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் நாலு நொடி, ஐந்து நொடி சும்மா இருப்பார். நான் அதையெல்லாம் 'கேப்' என்று நினைத்து ஒன்று விடாமல் வெட்டினேன். சுறுசுறுப்பாக வந்திருக்கிறது என்று சந்தோஷமாக அம்மாவிடம் போட்டுக் காட்டினேன். அம்மா பாதியிலேயே, "இவரு என்னைக்குடா இப்படி மூச்சு விடாம பேசினாரு?" என்றார்.

மறுநாள் ராத்திரி திரும்ப எடுத்துப் பார்த்தேன். "இருட்டுல கைதான் கண்ணு" என்று சொல்லிவிட்டு அப்பா நிறுத்துகிற இடம் ஒன்று இருக்கிறது. அந்த நாலு நொடியில் அவருடைய வலது கை கட்டைவிரல், ஆள்காட்டி விரலின் ஓரத்தில் மெல்ல நகர்கிறது. இல்லாத பிலிமின் துளைகளைத் தடவிக்கொண்டிருக்கிறார். அவருக்கே அது தெரியாது. நான் வெட்டி எறிந்திருந்தது அதைத்தான்.

எல்லா இடைவெளியையும் திருப்பி வைத்தேன். அதற்குப் பதிலாக கேன்டீன், யூனியன் எலக்‌ஷன், பிரமோஷன் கதைகள் நாற்பது நிமிஷத்தை மொத்தமாக நீக்கினேன். அவை நல்ல கதைகள்தான், நீக்க மனசு வரவில்லை. ஆனால் இந்தக் கைக்கு அவற்றால் ஒன்றும் சேரவில்லை.

இன்னும் தீராத ஒன்று: எங்கள் வீட்டில் தகரக் கூரை. பேசும்போது மழை. ஒவ்வொரு வெட்டிலும் மழைச் சத்தம் குதிக்கிறது. யாராவது வழி சொல்லுங்கள்.

ஊட்டியிலிருந்து:

லினக்ஸ் கம்ப்யூட்டரில் ரிசால்வ் இலவசப் பதிப்பு போடலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஃபோன் எடுக்கும் எச்.264 (வீடியோவைச் சுருக்கிச் சேமிக்கும் ஒரு முறை) ஃபைலை அதில் திறக்க முடியாது, மாற்றித்தான் உள்ளே விட வேண்டும். தெரியாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமையை விட்டேன். கேடென்லைவில் இந்தப் பிரச்சினை இல்லை.

பண்ணைக்காட்டிலிருந்து:

தம்பி, படித்து முடித்ததும் எழுந்து தோட்டத்தில் ஒரு சுற்று நடந்துவிட்டு வந்து எழுதுகிறேன். இப்போது காப்பிதான் பிழைப்பு. ஆனால் 1980-களின் கடைசியில் ஆறு வருஷம் சென்னையில் சினிமா உதவி எடிட்டராக இருந்தேன். உங்கள் அப்பா போட்ட மாதிரித் துளைகளில்தான் எங்கள் கணக்கு முழுக்க. ஒரு ஃப்ரேமுக்கு ஓரத்தில் நாலு துளை, அடிக்கு 16 ஃப்ரேம், நொடிக்கு 24. ஆக ஒரு நொடி என்றால் ஒன்றரை அடி. கைகளை விரித்துப் பிடித்தால் எத்தனை நொடி என்று எங்களுக்குத் தெரியும்.

அவர் விரலால் பார்த்ததை நாங்கள் உதட்டால் பார்ப்போம். எது எமல்ஷன் (படம் பதிகிற பூச்சு) பக்கம் என்று சந்தேகம் வந்தால் ஓரத்தை ஈர உதட்டில் வைப்போம். ஒட்டுகிற பக்கம் எமல்ஷன்.

மூவியோலா என்ற பிலிம் பார்க்கும் மெஷினில் ஓட்டி, மெழுகுப் பென்சிலால் கோடு போட்டு, ஸ்ப்ளைசரில் வைத்து வெட்டி, டேப் ஒட்டணும். இரண்டே ஃப்ரேம் துண்டானாலும் எண் எழுதி, துணிப்பை வைத்த தொட்டிக்கு மேலே கம்பியில் மாட்டி வைக்கணும். எடிட்டர் நாளைக்கு "அந்த ரெண்டு ஃப்ரேமைக் கொடு" என்பார், கிடைக்காவிட்டால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. அதனால் வெட்டுவதற்கு முன் அவர் மூன்று நாலு தடவை சும்மா ஓட்டிப் பார்ப்பார். பென்சிலைத் தொட மாட்டார். இப்போது செய்ததை ரத்து பண்ண அன்டூ இருக்கிறது, நல்ல விஷயம். இருந்தாலும் எதையும் வெட்டாமல் ஒரு தடவை முழு நாலு மணி நேரத்தையும் உட்கார்ந்து பாருங்கள். அந்தக் கட்டைவிரல் முதல் நாளே கண்ணில் பட்டிருக்கும்.

அந்தக் காலத்தில் எடிட்டர்கள் லெனினும் வி.டி. விஜயனும் சேர்ந்து எடிட் பண்ணின படம் வந்தால் நாங்கள் நாலு உதவியாளர்கள் தியேட்டரில் கதையை விட்டுவிட்டு வெட்டு விழுகிற இடத்தைத்தான் பார்ப்போம். கண் இமைக்கிற நேரத்தில் மாறியிருக்கும். பள்ளிக்கூடம் அதுதான் எங்களுக்கு.

மழைக்கு வழி இருக்கிறது. அதே அறையில், அதே ஃபோனை அதே இடத்தில் வைத்து, யாரும் பேசாமல் இரண்டு நிமிஷம் மழையை மட்டும் பதிவு பண்ணுங்கள். தூறலுக்கு ஒன்று, கொட்டும் மழைக்கு ஒன்று. அதைத் தனி டிராக்கில் அடியில் ஓட விட்டு, மேலே அப்பாவின் குரல் அளவை ஒவ்வொரு வெட்டிலும் நாலைந்து ஃப்ரேமுக்குள் மெல்ல ஏற்றி இறக்குங்கள். காது ஒரே மழை என்று நம்பிவிடும். படத்தில் மேகம் இறங்கி வெளிச்சம் மாறியிருந்தால்கூட, சத்தம் அறுபடாமல் ஓடினால் பார்ப்பவர்கள் கவனிக்க மாட்டார்கள். கொடைக்கானலில் எடுத்து வந்த ரஷ் (இன்னும் வெட்டாத படம்) எல்லாமே அப்படித்தான் இருக்கும், ஒரே காட்சியில் பாதி வெயில், பாதி பனி. பாட்டை வைத்தும் காற்றுச் சத்தத்தை வைத்தும்தான் ஒட்டுவோம்.

சேரம்பாடியிலிருந்து:

நான் கம்ப்யூட்டரே தொட்டதில்லை, எல்லாம் ஃபோனில் கைன்மாஸ்டர் ஆப்தான். இலவசமாக வைத்தால் மூலையில் அவர்கள் பெயர் வரும். அதனால் ஒரு மாதத்துக்கு மட்டும் பணம் கட்டி, அந்த மாதத்துக்குள் வேலையை முடித்தேன்.

அம்மாயி (அம்மாவின் அம்மா) இலங்கைத் தோட்டத்திலிருந்து, தோட்டத் தமிழர்களில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப இரு நாடும் போட்ட 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரம் வந்து, அங்கிருந்து நீலகிரித் தேயிலைக்கு வந்தவங்க. அந்தக் கதையை நேராக கேமராவைப் பார்த்துச் சொல்லச் சொன்னால் வெட்கத்தில் ரெண்டு வரியில் முடிச்சிடுவாங்க. அடுப்படியில் கீரை ஆயும்போது ஃபோனை ஜாடி மேலே சாய்த்து வைத்துவிட்டுப் பேச்சுக் கொடுத்தேன், ஒன்றரை மணி நேரம் சொன்னாங்க. முகம் பாதி நேரம் தெரியவே இல்லை.

அதனால் குரலைத் தனியாகப் பிரித்தேன். படத்தில் பெண்கள் கொழுந்து பறிக்கிறாங்க, யாரும் பேசலை. அங்கேயே அம்மாயி குரல் ஆரம்பிக்குது: "கப்பல்ல ஏறுறப்ப உங்கம்மா என் வயித்துல." ஆறு நொடி கழித்துத்தான் முகம் வருது. முதலில் முகத்தையும் குரலையும் ஒன்றாகத்தான் வைத்திருந்தேன், சாதாரணமாக இருந்தது. குரலை முன்னால் தள்ளினதும் என் தம்பி ஃபோனைக் கையில் வாங்கிக்கிட்டு வெளியே போயிட்டான். இதற்கு 'ஜே கட்' என்று பேர் இருக்கிறது என்று பின்னாடிதான் தெரிஞ்சது.

குன்னூரிலிருந்து:

நேற்று ராத்திரி மழை பிடித்தது. அறைக் கதவைச் சாத்தி இரண்டு நிமிஷம் பதிவு பண்ணிவிட்டேன். அடியில் ஓட விட்டால் நிஜமாகவே வெட்டு காணாமல் போகிறது. ரொம்ப நன்றி ஐயா.

நீங்கள் எழுதியதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். உதடு விஷயத்துக்குத் தலையாட்டினார். பிறகு ஒன்று கேட்கச் சொன்னார்: நீங்கள் வெட்டின பிலிமில் எங்கள் ஊர்ச் சரக்கு இருந்ததா என்று.

பண்ணைக்காட்டிலிருந்து:

இருந்தது. கலர்ப் படத்துக்கும் செலவைக் குறைக்க ரஷ்ஷை கறுப்பு வெள்ளையில் பிரின்ட் போடுவது உண்டு. எங்கள் அறையில் அடுக்கியிருந்த டப்பாக்களில் உங்கள் ஆலையின் 'இந்து' என்ற பெயரைப் பார்த்த ஞாபகம் நன்றாக இருக்கிறது. துளைகள் ஒரு நாளும் தகராறு பண்ணியதில்லை என்று அவரிடம் சொல்லுங்கள்.