எல்லாவற்றையும் ஒரே பையில் கட்டி எரித்துவிட்டால் என்ன? மருத்துவக் கழிவைப் பற்றி ஒரு விவாதம்

சுடர்:
ஐம்பது படுக்கை உள்ள ஒரு மருத்துவமனையின் நிர்வாகத்தைப் பார்த்துக்கொள்கிறேன். ஒவ்வொரு வார்டிலும் வண்ண வண்ணமாக ஐந்து தொட்டி வைத்திருக்கிறோம். சுவரில் படம் ஒட்டியிருக்கிறோம். புதிதாகச் சேர்கிற எல்லாருக்கும் பயிற்சி உண்டு. இருந்தும் தினமும் பார்ப்பது இதுதான்: காகிதத் தொட்டியில் ரத்தம் தோய்ந்த பஞ்சு, பிளாஸ்டிக் பையில் ஊசி, தொற்றுப் பையில் மருந்து அட்டைப்பெட்டி.

அதனால் என் யோசனையைச் சொல்கிறேன். வார்டிலிருந்து வெளியே போகிற எல்லாமே தொற்றுள்ளது என்று வைத்துக்கொள்வோம். ஒரே வகைக் கெட்டிப் பை, ஒரே வண்டி, நேராக எரிகலன். பிரிக்கிறபோது மனிதர்கள் தவறுவார்கள், நெருப்பு தவறாது. எந்தக் கிருமியும் அந்தச் சூட்டில் பிழைக்காது. மறுப்பு இருந்தால் சொல்லுங்கள், கேட்கத் தயாராக இருக்கிறேன்.

கொதிகலன்:
கழிவைச் சுத்திகரிக்கும் நிலையத்தில் பல வருடமாக எரிகலனும், சூடான நீராவியால் கிருமியைக் கொல்லும் ஆட்டோகிளேவும் இயக்குகிறேன். ஐயா, நெருப்பு தவறும். நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஈரமான சுமையை உள்ளே தள்ளினால் சூடு சட்டென்று இறங்கும். 850 டிகிரி செல்சியசுக்குக் கீழே போனால் பாதி எரிந்த புகைதான் வெளியே வரும். டிரிப் பை, குழாய்களில் பல பி.வி.சி. பிளாஸ்டிக்கால் ஆனவை, அதில் குளோரின் இருக்கிறது. அது அரைகுறையாக எரிந்தாலும் சரி, நன்றாக எரிந்த புகை மெதுவாக ஆறினாலும் சரி, டயாக்சினும் பியூரானும் உருவாகும். சுமார் 200 முதல் 450 டிகிரி வரைதான் அதற்கு வசதியான சூடு. 2001-ல் உலக நாடுகள் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை போட்டபோது குறிவைத்த நஞ்சுகளில் இவையும் அடக்கம். மண்ணில், கொழுப்பில், தாய்ப்பாலில் போய்த் தங்குபவை.

இன்னொன்று. உடைந்த பாதரச வெப்பமானியை எரித்தால் பாதரசம் ஆவியாகிப் புகைபோக்கி வழியே ஊருக்குள் போகும். காற்று அடைத்த ஸ்பிரே டப்பா உள்ளே போனால் வெடிக்கும். ஒரே பை என்றால் இவையெல்லாம் எனக்குத் தெரியாமலே வந்துவிடும்.

அளவையும் பாருங்கள். மருத்துவமனைக் கழிவில் சுமார் 85 சதவீதம் சாதாரணக் குப்பை, 15 சதவீதம்தான் அபாயமானது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஒரு நாளைக்கு 100 கிலோ என்றால், பிரித்தால் 15 கிலோவைத்தான் கவனமாகக் கையாள வேண்டும். கலந்துவிட்டால் நூறும் அபாயக் கழிவு.

இரவுப்பணி:
செவிலியாக இரவு டியூட்டி பார்ப்பவள். சுடர் ஐயா சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது, அதை யாரும் மறுக்க வேண்டாம். இரவு இரண்டு மணிக்கு முப்பது நோயாளிகளை இரண்டு பேர் பார்க்கும்போது சுவரில் இருக்கிற படத்தை யாரும் படிப்பதில்லை.

ஆனால் தவறு எங்கே நடக்கிறது என்று கவனித்தீர்களா? தொட்டி ஐந்தும் வார்டின் ஒரு மூலையில் வரிசையாக நிற்கும். நான் மறுகோடியில் ஊசி போடுகிறேன். போட்ட ஊசியைக் கையில் பிடித்துக்கொண்டு அத்தனை தூரம் நடக்க வேண்டும். நடுவில் ஒருவர் கூப்பிடுவார். ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு ஓடுவேன். திரும்பி வரும்போது தட்டில் இருந்ததெல்லாம் ஒரே அள்ளாக எதிலோ போயிருக்கும். அல்லது குத்திவிடக் கூடாதே என்று மூடியைத் திரும்ப மாட்டுவோம். அப்படி மாட்டும்போதுதான் எத்தனையோ பேருக்குக் குத்தியிருக்கிறது.

ஊசிப்பெட்டி தள்ளுவண்டியிலேயே இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. போட்ட கை அங்கேயே போட்டுவிடும். எங்கள் வார்டில் ஒரு வண்டிக்கு அப்படி மாட்டினோம். அந்த வண்டி போன இடங்களில் தட்டில் ஊசி கிடந்து நான் பார்க்கவில்லை.

தள்ளுவண்டி:
நான் படித்தவன் இல்லை, தம்பி டைப் செய்து தருகிறான். பையைத் தூக்குகிறவன் நான். அதனால் ஒரே பை என்று சொல்லும்போது எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

பையைக் கையால் மட்டும் தூக்க முடியாது. கனமாக இருந்தால் தொடையில் சாய்த்துத்தான் தூக்குவோம். முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் அப்படித் தூக்கினபோது பைக்குள் இருந்த ஊசி தொடையில் குத்தியது. யாருக்குப் போட்ட ஊசி என்று சொல்ல ஆள் இல்லை. மேற்பார்வையாளர், "கழுவிக்கோ, ஒன்றும் ஆகாது" என்று அனுப்பிவிட்டார். ஆறு மாதம் ரத்தப் பரிசோதனைக்கு அலைந்தேன். அந்த ஆறு மாதமும் வீட்டில் குழந்தையைத் தூக்கவே பயம். கடைசியில் ஒன்றும் இல்லை என்று வந்தது.

ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி-க்குத் தடுப்பூசி உண்டு என்பதே எனக்கு அப்புறம்தான் தெரியும். டாக்டருக்கும் நர்சுக்கும் போட்டிருந்தார்கள். எங்களுக்குப் போடவில்லை.

ஆய்வகம்:
அண்ணா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. நோயுள்ளவருக்குப் போட்ட ஊசி, தடுப்பூசி போடாத ஒருவரை ஒருமுறை குத்தினால் ஹெபடைடிஸ் பி தொற்ற வாய்ப்பு 30 சதவீதம் வரை. ஹெபடைடிஸ் சி சுமார் 1.8, எச்ஐவி சுமார் 0.3. அந்த ஹெபடைடிஸ் பி கிருமி காய்ந்த ரத்தத்தில் குறைந்தது ஏழு நாள் உயிரோடு இருக்கும்.

குத்திவிட்டால் சோப்பும் ஓடும் தண்ணீரும் போட்டுக் கழுவ வேண்டும், பிதுக்கக் கூடாது. உடனே மருத்துவரிடம் போக வேண்டும். எச்ஐவி-யைத் தடுக்கும் மாத்திரையை எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் தொடங்க வேண்டும், 72 மணி நேரம் தாண்டிவிடக் கூடாது. "கழுவிக்கோ" என்று அனுப்பியது பெரிய குற்றம்.

சுடர்:
தள்ளுவண்டி அண்ணா, இதை நான் யோசிக்கவில்லை. வருத்தமாக இருக்கிறது. ஊசி, பிளேடு, உடைந்த ஆம்பியூல் (கண்ணாடி மருந்துக் குப்பி) எல்லாம் துளைக்க முடியாத தனிப்பெட்டிக்குப் போக வேண்டும். ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் மீதிக்கு என் வாதம் அப்படியே நிற்கிறது. தரம் பிரிக்க வேண்டும் என்று கண்டிப்பு காட்டினால் என்ன நடக்கிறது தெரியுமா? தணிக்கைக்கு முதல் நாள், கட்டிய பையைப் பிரித்துக் கொட்டி, கையுறை போட்ட ஒருவரை உட்கார வைத்துப் பொறுக்கச் சொல்கிறார்கள். இது என் மருத்துவமனையிலேயே ஒருமுறை நடந்தது, நான்தான் நிறுத்தினேன். கலந்ததைக் கலந்தபடியே எரிப்பது இதைவிடப் பாதுகாப்பு இல்லையா?

ஆட்டோகிளேவ் செய்த பிளாஸ்டிக்கை மறுசுழற்சிக்கு விற்பதையும் நான் நம்பவில்லை. சிரிஞ்ச் முழுசாக வெளியே போனால் யாரோ கழுவி, உறை போட்டு, திரும்ப விற்பார்கள். பாதுகாப்பற்ற ஊசிகளால் 2010-ல் மட்டும் உலகத்தில் 17 லட்சம் பேருக்குப் புதிதாக ஹெபடைடிஸ் பி, 3,15,000 பேருக்கு ஹெபடைடிஸ் சி, 33,800 பேருக்கு எச்ஐவி வந்தது என்று உலக சுகாதார நிறுவனமே சொல்லியிருக்கிறது. சாம்பலை யாரும் திரும்ப விற்க முடியாது.

கொதிகலன்:
கட்டிய பையைப் பிரித்துப் பொறுக்குவது கூடவே கூடாது. அதில் உங்கள் பக்கம்தான் நான். தெரியாமல் கலந்துவிட்டால் அந்தப் பையில் இருப்பதிலேயே அபாயமானது எதுவோ, முழுப் பையையும் அப்படியே நடத்த வேண்டும். ஆனால் அது தவறிப்போன ஒரு பைக்கான வழி. எல்லாப் பையையும் அப்படி ஆக்கச் சொல்கிறீர்களே, அங்கேதான் நமக்குள் சண்டை.

முழு சிரிஞ்ச் வெளியே போகக் கூடாது என்பதும் சரி. ஆட்டோகிளேவ் முடிந்ததும் துண்டு துண்டாக அரைத்துவிடுகிறோம். அரைத்ததை யாரும் உறைபோட முடியாது.

ஆட்டோகிளேவும் தவறும், அதையும் சொல்லிவிடுகிறேன். கதவை மூடிப் பொத்தானை அழுத்தினால் முடிந்தது என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். உள்ளே இருக்கிற காற்று வெளியேறி, ஆவி சுமையின் நடுப்பகுதி வரை போய், அங்கே 121 டிகிரி வந்து தேவையான நேரம் நிற்க வேண்டும். இறுக்கித் திணித்தால் நடுவில் இருக்கிற பைக்குச் சூடே போகாது. அதனால்தான் ஜியோபேசில்லஸ் ஸ்டியரோதெர்மோபிலஸ் என்ற சூட்டுக்கு அசையாத பாக்டீரியாவின் வித்துகளைச் சுமையின் நடுவில் வைத்துச் சோதிக்கிறோம். அது செத்தால்தான் மற்றது செத்தது என்று நம்பலாம்.

எனக்கும் எரிகலன் தேவைதான். உடல் உறுப்பு, திசு, அப்புறம் புற்றுநோய் மருந்து. அந்த மருந்தை ஆட்டோகிளேவில் போட்டால் அழியாது, ஆவியோடு பரவும். அதை உடைக்க 1200 டிகிரி வேண்டும். நீங்கள் அட்டைப்பெட்டிகளால் எரிகலனை நிரப்பினால் உண்மையில் எரிக்க வேண்டியது வெளியே காத்துக்கிடக்கும். வெயில் காலத்தில் 24 மணி நேரத்துக்கு மேல் தொற்றுக் கழிவைத் தேக்கி வைக்கக் கூடாது.

ஆய்வகம்:
எரிக்கவே முடியாதவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1987-ல் பிரேசிலின் கோயானியாவில், கைவிடப்பட்ட ஒரு கதிர்வீச்சு சிகிச்சை நிலையத்தில் விட்டுப்போன கருவியை இரண்டு பேர் எடுத்துப்போய்ப் பழைய இரும்புக் கடையில் விற்றார்கள். உள்ளே கதிர்வீச்சு வீசும் சீசியம்-137. இருட்டில் நீலமாக ஒளிர்ந்த பொடியை அழகாக இருக்கிறதே என்று வீட்டுக்கு வீடு கொடுத்தார்கள். நான்கு பேர் இறந்தார்கள், 249 பேர் மாசுபட்டார்கள். ஆறு வயதுச் சிறுமி ஒருத்தியும் இறந்தவர்களில் உண்டு. அது எரித்தாலும் அழியாது, புதைத்தாலும் சீக்கிரம் ஆறாது. வார்டுக் குப்பையோடு அது வராது என்பீர்கள். எது எங்கே போகிறது என்று கணக்கு வைக்கும் பழக்கம் வார்டில் தொடங்கினால்தான் அது மேலே வரை போகும்.

அப்புறம் எல்லாவற்றையும் பிளீச்சிங் கரைசலில் முக்கி அனுப்புகிற பழக்கத்தை விடுங்கள். முக்கி எடுத்ததை எரிகலனுக்கு அனுப்பினால் கூடுதல் குளோரினையும் சேர்த்து அனுப்புகிறீர்கள். கிருமி வளர்த்த தட்டுகள் வேறு கதை, அவற்றை நாங்கள் ஆய்வகத்துக்குள்ளேயே ஆட்டோகிளேவ் செய்துதான் வெளியே விடுகிறோம்.

இரவுப்பணி:
ஊசி வெட்டும் கருவி பற்றியும் கேட்கிறேன். எங்களிடம் வாங்கி வைத்திருக்கிறார்கள். வெட்டினால் திரும்பப் பயன்படுத்த முடியாது, அது நல்லது. ஆனால் வெட்டும்போது துளி தெறிக்கிறதே?

ஆய்வகம்:
தெறிக்கும், அக்கா. மூடிய கூடு உள்ள கருவியாக இருந்தால் குறையும். என்னைக் கேட்டால், வெட்டுவதற்கென்று இன்னொரு தடவை ஊசியைக் கையாள்வதைவிட, சிரிஞ்சோடு சேர்த்து அப்படியே பெட்டியில் போடுவதுதான் நல்லது. முக்கால் பங்கு நிறைந்ததும் பெட்டியை மூடிவிட வேண்டும். இன்னும் இடம் இருக்கிறதே என்று அமுக்கக் கூடாது.

கொதிகலன்:
இதில் நான் உடன்பட மாட்டேன். பெட்டி நல்லபடி என் கைக்கு வரும் இடத்தில் நீங்கள் சொல்வது சரி. வழியில் பெட்டியையே உடைத்துச் சிரிஞ்ச் எடுக்கும் இடங்களில் வெட்டித்தான் அனுப்ப வேண்டும். ஒருமுறை போட்டதும் பூட்டிக்கொள்ளும் சிரிஞ்ச் எல்லா இடத்திலும் வந்துவிட்டால் இந்தச் சண்டையே வேண்டாம்.

வீட்டில்_அப்பா:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். அப்பாவுக்கு வீட்டில் நான்தான் இன்சுலின் போடுகிறேன், ஒரு நாளைக்கு இரண்டு ஊசி. இதுவரை காகிதத்தில் சுற்றிக் குப்பையில்தான் போட்டேன். தள்ளுவண்டி அண்ணாவின் பதிவைப் படித்ததிலிருந்து மனசு கேட்கவில்லை. குப்பை எடுக்க வருபவர் கையுறைகூடப் போடுவதில்லை. என்ன செய்ய வேண்டும்?

தள்ளுவண்டி:
கேட்டீர்களே, அதுவே போதும் அம்மா. துணி துவைக்கும் திரவ சோப்பு வருகிற மாதிரி கெட்டியான பிளாஸ்டிக் டப்பா, திருகு மூடி உள்ளது. அதில் போடுங்கள். கண்ணாடி வேண்டாம், உடையும். தண்ணீர் பாட்டில் வேண்டாம், ஊசி துளைத்துவிடும். மேலே "ஊசி" என்று பெரிதாக எழுதுங்கள். முக்கால் நிறைந்ததும் மூடியை டேப் போட்டு ஒட்டி, அப்பா காட்டுகிற மருத்துவமனையிலோ மருந்துக்கடையிலோ வாங்கிக்கொள்வார்களா என்று கேளுங்கள்.

சுடர்:
மூன்று நாளாக யோசித்தேன். எரிகலன் மீது எனக்கு இருந்த நம்பிக்கை குறைந்துவிட்டது. ஆனால் ஐந்து தொட்டி என்பது வார்டுக்கு அதிகம் என்ற கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. வார்டில் மூன்று போதும்: ஊசிப்பெட்டி, தொற்றுப் பை, சாதாரணக் குப்பை. மருந்துக் கழிவு மருந்தகத்துக்குத் திரும்பட்டும், ரசாயனம் ஆய்வகத்திலேயே நிற்கட்டும்.

கொதிகலன்:
தொற்றுப் பையிலேயே பிளாஸ்டிக்கும் போனால் ஆட்டோகிளேவுக்கும் எரிகலனுக்கும் எப்படிப் பிரிப்பேன்? குழாய், டிரிப் செட்டுக்கு நான்காவதாக ஒன்று வேண்டும்.

சுடர்:
நோயாளி பக்கத்தில் மூன்று. டிரிப் மாற்றும் இடத்தில் மட்டும் நான்காவது. ஒரு மாதம் ஒரு வார்டில் நடத்திப் பார்க்கிறேன். ஒவ்வொரு பையையும் எடைபோட்டு எழுதி, தவறு இருந்தாலும் மறைக்காமல் இங்கே போடுகிறேன். அதற்கு முன்னால் கழிவு எடுப்பவர்கள் பதினொரு பேருக்கும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி. முதல் டோஸ் இந்த வாரம், மற்றவை அந்தந்தத் தேதியில். அவர்கள் பெயரை இன்று பதிவேட்டில் ஏற்றிவிட்டேன்.

தள்ளுவண்டி:
மூன்று டோசும் போட்டு முடித்ததும் சொல்லுங்கள் ஐயா. இரண்டோடு நிறுத்திவிடுவார்கள்.