‘ஆன்டிஹிஸ்டமின்’: கருவுற்றோர், பாலூட்டுவோர் கையேட்டுக்கான கலைச்சொல்

> ‘ஹிஸ்டமின் எதிர்ப்பி’ என்றே வைத்துக்கொள்ளலாமே?

ஐயா, வணக்கம். ‘எதிர்ப்பி’ என்றதும் நுண்ணுயிர் எதிர்ப்பிதான் நினைவுக்கு வரும். ஒவ்வாமைக்கான இம்மருந்தும், ஒவ்வாமையின்போது உடல் வெளிவிடும் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளை அழிக்கிறது என்றே படிப்பவர் கொள்வார். இம்மருந்து ஹிஸ்டமினைத் தொடுவதில்லை. செல்லின் மேல் ஹிஸ்டமின் சேரவேண்டிய இடமான எச்1 ஏற்பியைப் பற்றிக்கொண்டு, அரிப்பும் தும்மலும் எழாமல் செய்கிறது. ஆகவே ‘ஹிஸ்டமின் ஏற்பித் தடுப்பி’. ‘ஏற்பி’யை விட்டுவிட்டால், ஹிஸ்டமின் வெளிவருவதையே தடுக்கும் குரோமோகிளைகேட் என்ற வேறு மருந்தும் இதில் சேர்ந்துவிடும்.

உட்பிரிவுக்கு ‘முதல் தலைமுறை’, ‘இரண்டாம் தலைமுறை’ வேண்டாம். தாய்க்கு அதனால் பயனில்லை. ‘உறக்கமூட்டும்’, ‘உறக்கமூட்டாத’ என்று பிரிக்கலாம். குளோர்பெனிரமின், டைஃபென்ஹைட்ரமின், புரோமெத்தசின் மூளைக்குள் புகுபவை. பாலூட்டும் தாய் இவற்றைக் கூடுதல் அளவிலோ தொடர்ந்தோ எடுத்தால் குழந்தை மயங்கிக் கிடக்கலாம், பால் குடிக்காமல் சிணுங்கலாம். நாளுக்கு 10 மி.கி. லோரடடின் எடுத்தால் பாலில் சேர்வது மிகக் குறைவு. பாலூட்டுவோருக்கு அதையே முதலில் எண்ணுவார்கள்.

---

அம்மா, ‘ஏற்பித் தடுப்பி’க்கு முழு உடன்பாடு. ‘எச்1’ஐயும் முன்னே சேருங்கள், வயிற்று அமிலம் குறைக்கும் ஃபேமோடிடின் எச்2 ஏற்பியைத் தடுப்பது.

‘உறக்கமூட்டாத’ என்பதை மட்டும் ஏற்க இயலவில்லை. அப்பிரிவில் சேர்க்கப்படும் செடிரிசினே 10 மி.கி. அளவில் சிலரை உறங்கவைத்துவிடும். ‘குறைவாக உறக்கமூட்டும்’ என்பதே உண்மை.

இன்னொன்று, இப்பிரிவைக் கருவுக்கான பாதுகாப்புப் பிரிவாக யாரும் படித்துவிடக் கூடாது. டாக்சிலமின் நன்றாகவே உறங்கவைக்கும். ஆனால் வைட்டமின் பி6 ஆன பிரிடாக்சினுடன் (தலா 10 மி.கி.) சேர்த்துக் கர்ப்பகால வாந்திக்கு முதலில் தருவது அதைத்தான். அமெரிக்காவில் இக்கூட்டு மருந்தின் தயாரிப்பு 1983இல் நின்றது. காரணம், பிறவி ஊனம் வந்ததாகத் தொடுத்த வழக்குகள்; ஊனம் நிரூபணமாகவில்லை. 2013இல் அங்கே மீண்டும் ஒப்புதல் கிடைத்தது. ஹைட்ராக்சிசினும் உறங்கவைப்பதே; தொடக்கக் கர்ப்பத்தில் அதைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். ஒரே பிரிவுக்குள் இரு வேறு அறிவுரை! எனவே ‘பாதுகாப்பான தடுப்பி’ என்ற சொல்லே கையேட்டில் வரவேண்டாம். மருந்துவாரியாக, கர்ப்பத்துக்கு ஒரு நிரல், பாலூட்டலுக்கு ஒரு நிரல் போடுங்கள்.

சளி மாத்திரைகளுக்குக் ‘கூட்டு மாத்திரை’ என்று தனிப் பதிவு கட்டாயம் வேண்டும். அட்டையில் குளோர்பெனிரமினோடு, மூக்கடைப்பு நீக்கும் ஃபினைலெஃப்ரினோ சூடோஎஃபெட்ரினோ இருக்கும். சூடோஎஃபெட்ரின் பால் சுரப்பையே குறைக்கும். ஒவ்வாமைக்கு மாத்திரை கேட்கும் தாய்க்கு அது தேவையே இல்லை. தனி மருந்தாகக் கேட்டு வாங்கும்படி பதிவின் முதல் வரியிலேயே எழுதலாம்.