முலாம்பழத்தில் அடி இலை மஞ்சளாகி ஓட்டை விழுகிறது: நோயா, சத்துக் குறையா?

தளி பக்கம்:
முக்கால் ஏக்கர் செம்மண். போன வருஷம் வரை முட்டைக்கோஸ், இப்போது சொட்டுநீரில் முலாம்பழம். காய் எலுமிச்சை அளவு வந்ததிலிருந்து அடி இலைகள் மஞ்சளாகின்றன. நரம்பு மட்டும் பச்சை. நடுவில் காய்ந்து பொத்தல் விழுகிறது. கொடி நுனி நன்றாகவே இருக்கிறது. அடிச்சாம்பல் நோய் என்று மருந்துக் கடையில் கொடுத்ததை அடித்தும் கேட்கவில்லை. மண் பரிசோதனையில் கார அமில நிலை (pH) 5.3, அதாவது அமில மண். இதனால் இருக்குமா?

காரிமங்கலம் பக்கம்:
ஜிப்சம் போடுங்க தம்பி. எங்கள் காரம் மிகுந்த களர் நிலத்துக்கு அதுதான் கைகண்ட மருந்து.

பாலக்கோடு பக்கம்:
அண்ணா, களருக்குச் சரி, இங்கே உதவாது. ஜிப்சம் கால்சியமும் கந்தகமும் தரும், அமிலத்தைக் குறைக்காது.

தம்பி, அடிச்சாம்பல் என்றால் புள்ளி கோணல்மாணலாக இருக்கும், ஈரமான காலையில் இலையின் அடியில் சாம்பல் பூஞ்சை தெரியும். நீங்கள் சொல்வது மெக்னீசியக் குறை. காய் பருக்கும்போது பழைய இலையிலிருந்துதான் செடி அதை உருவும். பொட்டாஷ் உரத்தை அதிகமாக விட்டாலும் இது கூடும்.

இன்னொன்று பாருங்கள். ஓர் அடி இலையைப் பறித்து வெயிலுக்கு எதிரே பிடியுங்கள். ஊசி குத்தியதுபோல் பொடிப் புள்ளிகள் வெளிச்சம் விட்டால் மாங்கனீசு நஞ்சு. அமில மண்ணில் மாங்கனீசு அளவுக்கு மீறிக் கரையும், மண் சொதசொதவென்று கிடந்தால் இன்னும் மோசம். இரண்டும் சேர்ந்தே வருவதும் உண்டு.

தளி பக்கம்:
பார்த்தேன். புள்ளி இருக்கிறது, ஆனால் கொஞ்சம்தான். கோஸுக்கு அமோனியம் சல்பேட் நிறையப் போட்ட நிலம்.

பாலக்கோடு பக்கம்:
அதுவும் மண்ணை அமிலமாக்கும். இப்போதைக்கு மெக்னீசியம் சல்பேட் லிட்டருக்கு 10 கிராம், சாயங்காலம் இலை நனையத் தெளியுங்கள். வாரம் விட்டு மறுபடி. கால்சியம் நைட்ரேட்டோடு கலக்காதீர்கள், உறைந்துவிடும். தண்ணீரைக் குறையுங்கள். பழுத்த இலை திரும்பாது. புது இலை தப்பித்தால் போதும்.

தளி பக்கம்:
இப்பவே சுண்ணாம்பு போடலாமா?

பாலக்கோடு பக்கம்:
நிற்கிற பயிருக்கு எட்டாது. அறுவடைக்கு அப்புறம் டோலமைட் சுண்ணாம்பு போட்டு உழுதுவிடுங்கள், அதில் மெக்னீசியமும் இருக்கிறது. ஏக்கருக்கு எவ்வளவு என்பதைச் மண் பரிசோதனைச் சீட்டோடு பையூர் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் கேளுங்கள். மணலா களியா என்பதைப் பொறுத்து அளவு மாறும். அடுத்த நடவுக்கு இரண்டு மாதமாவது இடைவெளி வேண்டும். அவசரமென்றால் தர்பூசணி வையுங்கள், அது அமிலத்தைக் கொஞ்சம் தாங்கும்.