எண்ணெயைச் சூடாக்கினால் மட்டும் போதுமா? (பழைய டீசல் கார், இரண்டு டாங்க்)

பழையபென்ஸ்:
"சமையல் எண்ணெயில் கார் ஓட்டுகிறவன் என்ஜினுக்குக் குழி தோண்டுகிறான்" என்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். அதற்குத்தான் இந்தப் பதில். ஜெர்மனியில் இருக்கிறேன், வண்டி பழைய மெர்சிடிஸ் 300டி. ஒரு டாங்கில் டீசல், இன்னொன்றில் சமையல் எண்ணெய். டீசலில் ஸ்டார்ட் செய்வேன். கூலன்ட் (என்ஜினைக் குளிர்விக்கும் நீர்) சூட்டில் ரேப்சீட் (கடுகு இனத்து) எண்ணெய் 70 டிகிரியைத் தாண்டியதும் வால்வை எண்ணெய் டாங்குக்குத் திருப்புவேன். நிறுத்துவதற்குச் சற்று முன்பே டீசலுக்கு வந்து லைனைக் கழுவிவிடுவேன். கெட்டியாக இருப்பதுதான் எண்ணெயின் ஒரே குறை, சூடு அதைத் தீர்த்துவிடுகிறது. அப்புறம் என்ன பிரச்சினை?

நாசில்நாகு:
"ஒரே குறை" என்பதில்தான் இடிக்கிறது. 40 டிகிரியில் டீசலின் பாகுத்தன்மை 2 முதல் 4.5 சென்டிஸ்டோக் வரை இருக்கலாம் என்கிறது ஐரோப்பியத் தரம். அதே சூட்டில் ரேப்சீட் எண்ணெய் 35 பக்கம். 80 டிகிரிக்கு ஏற்றினாலும் 12 அளவில்தான் நிற்கும். பம்ப் இழுப்பதற்கு அது போதும். சிலிண்டருக்குள் எரிபொருளைத் தூவும் நாசிலுக்கு? துளி பெரிதாக விழும், சரியாக எரியாது, நாசில் நுனியில் கரி கட்டும், பிஸ்டன் ரிங் ஒட்டிக்கொள்ளும். எரியாத மிச்சம் சிலிண்டர் சுவர் வழியே இறங்கி என்ஜின் ஆயிலில் கலக்கும். டீசல் கலந்தால் ஆயில் நீர்த்துப்போகும். தாவர எண்ணெய் கலந்தால் நாளடைவில் கூழாகிவிடும். அதுதான் அந்தக் "குழி".

பழையபென்ஸ்:
நாகு அண்ணா, 300டி நேரடி இன்ஜெக்‌ஷன் இல்லையே! முன்னறை உள்ள என்ஜின், எரிபொருள் முதலில் சிலிண்டரை ஒட்டிய ஒரு சின்ன அறைக்குள் விழும். அந்தச் சின்ன அறை தணலாகவே இருக்கும், பெரிய துளியும் அதில் எரிந்துவிடும்.

நாசில்நாகு:
தம்பி, நானும் அதைத்தான் சொல்கிறேன். உங்கள் வண்டியைக் காப்பாற்றுவது அந்த என்ஜின், ஹீட்டர் இல்லை. உங்கள் பதிவை நம்பி ஒருவர் காமன் ரெயில் (உயர் அழுத்தத்தில் நேரடியாகத் தூவும் புதிய வகை டீசல்) காரில் ஹீட்டரை மாட்டினால் இன்ஜெக்டர் செலவை யார் கொடுப்பது?

லண்டன்மீரா:
நடுவில் வருகிறேன். பிரிட்டனில் 2007 முதல் இப்படிப்பட்ட எண்ணெய் எரிபொருள் ஆண்டுக்கு 2,500 லிட்டருக்குள் என்றால் எரிபொருள் வரி கிடையாது. அதனால் பொரித்து மிஞ்சிய எண்ணெய்க்காகச் சிப்ஸ் கடை வாசலில் கேனோடு நிற்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் பலர் செய்வது, டாங்குக்குள் செப்புக்குழாய்ச் சுருளை விட்டுச் சூடாக்குவது. சூடான எண்ணெய் செம்பில் பட்டால் சீக்கிரம் கெட்டுப் பிசினாகும். அலுமினியமோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோ போடுங்கள். டாங்கில் எண்ணெய் ஓடுகிற அளவுக்கு வெதுவெதுப்பு இருந்தால் போதும். முழுச் சூட்டையும் பில்டரிலும் அதற்குப் பிறகும் கொடுங்கள். கடை எண்ணெயில் மாட்டுக்கொழுப்பு இருந்தால் குளிரில் முதலில் அடைவது பில்டர்தான்.

ஒருடாங்க்:
வால்வு, கழுவல், காத்திருப்பு எல்லாம் எதற்கு? எல்ஸ்பெட் என்ற ஜெர்மன் நிறுவனம் ஒரே டாங்கில் செய்து காட்டியதே. நாசில், க்ளோ பிளக் (குளிர்ந்த என்ஜின் ஸ்டார்ட் ஆகச் சூடு கொடுப்பது) மாற்றி, பில்டரைச் சூடாக்கி, எண்ணெயிலேயே ஸ்டார்ட்.

நாசில்நாகு:
அவர்கள் நாசிலை மாற்றினார்கள் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள், நன்றி. ஜெர்மனியில் ரேப்சீட் எரிபொருளுக்கென்றே டிஐஎன் 51605 என்ற தரம் இருக்கிறது. பாஸ்பரஸ், கால்சியம், மக்னீசியம், அமிலத்தன்மை எல்லாவற்றுக்கும் அதில் வரம்பு உண்டு. இவற்றில் எதையும் 70 டிகிரிச் சூடு குறைக்காது.

பழையபென்ஸ்:
சரி, ஹீட்டர் மட்டும் போதாது என்பது வரை வருகிறேன். ஆனால் நான் கடையில் புதிதாக வாங்கும் எண்ணெயை, நெடுஞ்சாலையில், லோடு கொடுத்து ஓட்டுகிறேன். அதையும் குழி என்றால் ஒத்துக்கொள்ள முடியாது.

நாசில்நாகு:
நெடுஞ்சாலை சரி. என்ஜின் சூடாவதற்குள் வீடு வந்துவிடும் தூரம் என்றால் வால்வைத் தொடாதீர்கள். வண்டி நின்றபடி என்ஜின் ஓடும் ஐடிலிலும் எண்ணெய் வேண்டாம். என்ஜின் ஆயில் மாற்றும் இடைவெளியைப் பாதியாக்கினீர்களா?

பழையபென்ஸ்:
எப்போதோ பாதியாக்கிவிட்டேன். டீசலில் மிச்சம் பிடித்த காசு அங்கேதான் போகிறது, அதை வீட்டில் சொல்லிவிடாதீர்கள்.